குணமும் தோஷமும் ஒரே படலத்தில்

வீட்டில் சங்கீதம் கேட்பதற்கென்று கடைகளில் விற்கப்படும் ஒலிபெருக்கிகளுள் மிகப் பெரும்பாலானவை, ஒரு மரப்பெட்டியும், அதன் முகத்தில் பொருத்திய கூம்பும், கூம்பின் அடியில் ஒட்டிய கம்பிச்சுருளும், அச்சுருளைச் சூழ்ந்த காந்தமும் ஆகிய நான்கு உறுப்புகளால் ஆனவை. 1925-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்னும் இரு பொறியாளர்கள் வகுத்துக் கொடுத்த அமைப்பே, சிற்சில திருத்தங்களோடு ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக உலகெங்கும் வழங்கிவருகிறது. அவ்வமைப்புக்கு முற்றிலும் புறம்பாக, பெட்டியும் இல்லாமல், கூம்பும் இல்லாமல், காந்தமும் இல்லாமல், மெல்லிய ஒரு படலத்தைக்கொண்டே ஒலியை எழுப்பும் சாதனம் ஒன்று உண்டு. நிலைமின் ஒலிபெருக்கி என்பது அதன் பெயர். அதைக் கேட்டுப் பழகிய ரசிகர்கள் வேறெந்த ஒலிபெருக்கியும் தங்கள் செவிக்கு நிறைவு தருவதில்லை என்கிறார்கள். அதை வாங்கி அல்லலுற்றவர்களோ, இடத்தை அடைத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரை வாட்டி, தாழ்ந்த ஸ்வரங்களில் கைவிட்டுவிடும் சாதனம் அது என்கிறார்கள். இரு சாராரும் சொல்வது உண்மையே. அதன் குணங்கள் எந்தக் காரணத்தால் விளைகின்றனவோ, அதே காரணத்தால்தான் அதன் தோஷங்களும் விளைகின்றன என்பதை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

அதன் அமைப்பு பார்வைக்கு எளியது. துளைகள் நிறைந்த இரண்டு உலோகத் தகடுகள், இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. அவ்விடைவெளியின் நட்டநடுவில், தகடுகள் இரண்டையும் தொடாமல், விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது பாலியெஸ்டர் படலம். அதன் கனம் சில மைக்ரான்களே. மனிதனுடைய தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் படலங்களும் உண்டு. அப்படலத்தின்மேல் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும் ஒரு பூச்சைப் பூசி, அதற்குச் சில ஆயிரம் வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஊட்டி வைக்கிறார்கள். பாட்டின் மின்குறி ஆம்ப்ளிஃபயரிலிருந்து புறப்பட்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் வழியாக நூறு மடங்கு அளவில் உயர்த்தப்பட்டு, இரு தகடுகளையும் அடைகிறது. ஒரு தகடு நேராகும் கணத்தில் மற்றது எதிராகிறது. நேர்மின்னேற்றம் கொண்ட படலத்தை முன்னது தள்ள, பின்னது இழுக்கிறது. அடுத்த கணம் முறை மாறுகிறது. படலம் முன்னும் பின்னுமாக அசைய, அதனோடு ஒட்டிய காற்றும் அசைந்து, தகடுகளின் துளைகள் வழியே ஒலியாக வெளிவருகிறது.

படலம் எவ்வளவு இலேசானது என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 12 மைக்ரான் கனமுள்ள பாலியெஸ்டர் படலம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் நிறை கொண்டது. ஒரு கன மீட்டர்க் காற்றின் நிறை 1.2 கிலோ ஆதலால், அந்தப் படலத்தின் நிறை, அதை ஒட்டி நிற்கும் 14 மில்லிமீட்டர்க் காற்றின் நிறைக்குச் சமம். அதாவது, படலத்தை அசைப்பதும், விரற்கடை அளவுக்குச் சற்றுக் குறைந்த காற்றுப் படுகையை அசைப்பதும் ஒன்றே. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரணக் கூம்பு ஒன்றை எடுத்துக்கொண்டால், சுருளும் கூம்புமாக அசையும் பாகம் இருபது முப்பது கிராம் இருக்கும்; பரப்போ சதுர மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. சம பரப்புக்குச் சம பரப்பாக ஒப்பிட்டால், கூம்பு படலத்தைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் கனமானது. கனமான பொருள் புறப்படவும் தாமதிக்கும். புறப்பட்டபின் நிற்கவும் தாமதிக்கும். வீணைத் தந்தி மீட்டப்பட்ட முதற்கணத்தில் எழும் கூர்மையும், பாடகர் ஒரு சொல்லை முடித்தவுடன் சூழும் நிசப்தமும் நிலைமின் ஒலிபெருக்கியில் அவ்வளவு துலக்கமாகக் கேட்பதற்கு, இந்த இலேசு ஒரு பெரிய காரணம்.

ஆனால் இலேசு மட்டுமே காரணமன்று. கூம்பை அதன் நடுவில் ஒட்டிய சுருள் ஒன்றுதான் தள்ளுகிறது. பாயின் ஒரு ஓரத்தைப் பிடித்து உதறினால் அலை தவழ்ந்து மறு ஓரத்தை அடைவதுபோல, நடுவில் பிறந்த அசைவு விளிம்பை அடைவதற்குள் பொழுது கழிகிறது, விளிம்பில் மோதித் திரும்புகிறது, குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் கூம்பின் ஒரு பகுதி முன்னே செல்ல மற்றொரு பகுதி பின்னே செல்கிறது. நிலைமின் படலத்திலோ, விசை பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே சமயத்தில் செயற்படுகிறது. முழுப் படலமும் ஒரே உடலாக அசைவதற்கு அதன் விறைப்பை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. பெட்டி இல்லாமையும் ஒரு நன்மை: மரப்பலகைகள் தாமாக அதிர்ந்து, பாடாத ஸ்வரங்களைப் பாட்டோடு கலக்கும் தொல்லை அறவே இல்லை.

இந்தத் தத்துவம் புதியதன்று. 1922-ஆம் ஆண்டு செப்டம்பரில், பெர்லின் நகரின் அல்ஹாம்ப்ரா திரையரங்கில், ட்ரை-எர்கான் என்னும் பெயரில் இயங்கிய மூன்று ஜெர்மானியர்கள் பேசும் படத்தைக் காட்டியபோது ஒலியை எழுப்பியது நிலைமின் சாதனமே. கெலாக்கும் அதன்மேல் ஆராய்ச்சி நடத்தி, 1934-இல் காப்புரிமை பெற்றார். எனினும் அது வளரவில்லை. ஏனெனில் அன்று கிடைத்த படலங்கள் போதாதவை, அதைவிட முக்கியமாக, தத்துவத்திலேயே ஒரு சிக்கல் அவிழாமல் கிடந்தது.

அச்சிக்கலைச் சற்று நின்று கவனிப்பது தகும். ஒரே ஒரு தகடும் ஒரு படலமும் இருந்தால், இரண்டுக்கும் இடையேயுள்ள ஈர்ப்பு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அழுத்தம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆம்ப்ளிஃபயர் அனுப்புவது ஒன்று, படலம் அசைவது வேறொன்று என்றாகி, மூல ஸ்வரத்தோடு அதன் இரட்டிப்பு அதிர்வெண்ணும் சேர்ந்து ஒலிக்கும். இரு பக்கமும் தகடு வைத்தால் இக்குறை பெருமளவு நீங்கினாலும், படலம் ஒரு தகட்டை நெருங்க நெருங்க, மின்னேற்றம் அப்பக்கமாகவே ஓடிக் குவிந்து, ஈர்ப்பு மேலும் வலுத்து, பெரிய ஒலியில் மீண்டும் குறை தலைகாட்டும். இதற்கு விடை, மின்னேற்றத்தை ஓடவிடாமல் செய்வது. படலத்தின் பூச்சு மிக உயர்ந்த மின்தடை உடையதாக இருந்தால், ஓர் அதிர்வு நடந்து முடியும் சிறு பொழுதில் மின்னேற்றம் இருந்த இடத்தைவிட்டு நகர வழியில்லை. மின்னேற்றம் நிலையானது; இரு தகடுகளுக்கு இடையேயுள்ள மின்புலமோ, படலம் நடுவில் நின்றாலும் ஓரமாக நகர்ந்தாலும் ஒன்றே. விசை என்பது மின்னேற்றத்தையும் மின்புலத்தையும் பெருக்கிய தொகை ஆதலால், அனுப்பிய மின்குறிக்கு நேர் விகிதத்தில் அசைவு அமைகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிரடெரிக் ஹன்ட் 1954-இல் வெளியிட்ட ஒலிமின்னியல் நூலில் இந்நியாயம் கணித முறையில் நிறுவப்பட்டது. ஒலிபெருக்கிக் கலையில் இவ்வளவு தூய்மையான ஒரு விகிதம் வேறெங்கும் கிடைப்பது அரிது.

இதே விஷயத்தை இங்கிலாந்தில் கைக்கொண்டு நிறைவேற்றியவர் பீட்டர் வாக்கர். 1936-இல் லண்டனில் அவர் தொடங்கிய அக்கூஸ்டிகல் மானுஃபாக்சரிங் கம்பெனி, யுத்த காலக் குண்டுவீச்சுக்குப்பின் ஹன்டிங்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது; அதன் ஆம்ப்ளிஃபயர்கள் குவாட் என்னும் பெயரால் புகழ்பெற்றன. பொறியாளர் டி. டி. என். வில்லியம்சனின் துணையோடு வாக்கர் உருவாக்கிய குவாட் நிலைமின் ஒலிபெருக்கி 1957-இல் விற்பனைக்கு வந்தது. தாழ்ந்த ஸ்தாயி முதல் உச்ச ஸ்தாயி வரையில் முழுவதையும் நிலைமின் முறையாலேயே தரும் ஒலிபெருக்கியை வீடுகளுக்கு ஏற்ற வகையில் பெருவாரியாக உற்பத்தி செய்தது அதுவே முதல் முறை. சற்று வளைந்த உலோகச் சல்லடை முகமும் குட்டையான மரக் கால்களும் கொண்டு, அறையைச் சூடேற்றும் ஹீட்டரை ஒத்த தோற்றம் அதற்கு. உள்ளே மூன்று பட்டைகள்: இருபுறமும் தாழ்ந்த ஸ்வரங்களுக்கு அகன்ற பலகைகள், நடுவில் உயர்ந்த ஸ்வரங்களுக்கு ஒடுங்கியது, முன்னவற்றுக்கு 6,000 வோல்ட், பின்னதற்கு 1,500 வோல்ட். 1985 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அடிப்படை மாறாமல் அது விற்பனையில் இருந்ததும், அதன் பழைய ஜோடிகளைப் புதுப்பித்து இன்றும் கேட்பவர்கள் இருப்பதும், நல்ல விஞ்ஞானம் நல்ல கைவேலையோடு கூடினால் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்குச் சாட்சியாகும். மனிதக் குரலைப் பொறுத்தமட்டில், அதற்குப்பின் பல மடங்கு விலையில் வந்த எத்தனையோ சாதனங்கள் அதை எட்டவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இனி மறுபக்கம். நிலைமின் விசை இயல்பிலேயே மெலிந்தது. காற்று தாங்கக்கூடிய மின்புலத்துக்கு ஓர் எல்லை உண்டு: மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட், அதைக் கடந்தால் காற்று கிழிந்து தீப்பொறி பாயும். அந்த எல்லையிலேயே நின்றாலும் மின்புலம் தரக்கூடிய அழுத்தம் சதுர மீட்டருக்கு 40 நியூட்டன். அதாவது ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் 4 கிலோ எடையைப் பரப்பி வைத்ததற்கு ஒப்பானது. சாதாரண ஒலிபெருக்கியின் காந்த இடைவெளியில் இருக்கக்கூடிய ஒரு டெஸ்லா அளவுள்ள காந்தப்புலத்தின் அழுத்தம் இதைப்போல் பத்தாயிரம் மடங்கு. மின்விசிறியும் நீரிறைக்கும் மோட்டாரும் காந்தத்தைக்கொண்டு சுழல்கின்றனவேயன்றி நிலைமின்னால் சுழல்வதில்லை என்பதற்கும் இதுவே காரணம். மெலிந்த விசையைக்கொண்டு வேலை வாங்க வேண்டுமானால், அசைக்கும் பொருள் மிக இலேசாகவும், பரப்பு மிக அகலமாகவும் இருந்தே தீர வேண்டும். ஆகவே படலத்தின் இலேசு, நாம் மேலே பாராட்டிய அந்த இலேசு, விரும்பித் தேடிய அழகு மட்டுமன்று. விசையின் வறுமை விதித்த கட்டாயமும் ஆகும்.

பரப்பு அகன்றால் அசைவுக்கு இடம் கிடைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. இடைவெளியைப் பெரிதாக்கினால் மின்புலம் தளர்கிறது. சிறிதாக்கினால் படலம் தகட்டில் மோதுகிறது. தாழ்ந்த ஸ்வரங்களுக்கோ அசைவு மிகுதியாக வேண்டும். ஒலியின் அளவு மாறாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அசைவு நான்கு மடங்காக வேண்டும் என்பது பொது விதி. பெட்டியில்லாத ஒலிபெருக்கிக்கு இதன்மேல் மற்றொரு சுமையும் ஏறுகிறது. படலம் முன்னே காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்னே காற்றை விலக்குகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர் ஆதலால், முக்கால் மீட்டர் அகலமுள்ள பலகையின் விளிம்பைச் சுற்றி முன்னலையும் பின்னலையும் எளிதாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அழிந்ததையும் ஈடுசெய்ய வேண்டுமானால், ஒரு ஸ்தாயி இறங்குவதற்கு அசைவு எட்டு மடங்காக வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்காரமும், தேவாலய ஆர்கனின் பெருங்குழாய்களும், திரைப்படங்களின் வெடியோசையும் இந்தச் சாதனத்தில் சுத்தமாகவும், ஆனால் மெலிந்தும் ஒலிப்பதற்குக் காரணம் இது. எண்ணெய் வழுக்கினாற்போல் எங்கும் தடங்கலில்லாத சங்கீதத்தை விரும்புவோர் அம்மெலிவைப் பொருட்படுத்துவதில்லை. மார்பில் வந்து மோதும் தாளத்தை விரும்புவோர் முதல் நாளிலேயே ஏமாற்றமடைகிறார்கள்.

முன்னும் பின்னும் ஒலிப்பதால் ஒரு பெரிய நன்மையும் உண்டு என்பதை மறக்கலாகாது. பலகையின் நேர் பக்கவாட்டில் முன்னலையும் பின்னலையும் சமமாக வந்து அழிவதால், ஒலி பரவும் வடிவம் 8 என்னும் எண்ணைப்போல் அமைகிறது. பக்கச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி மிகவும் குறைகிறது. சுண்ணாம்புச் சுவரும் சிமெண்டுத் தரையுமாக எதிரொலி மிகுந்த அறைகளில் குரலின் தெளிவு காக்கப்படுவதற்கு இது பெரிதும் உதவுகிறது. ஆனால் பின்சுவரை நோக்கிச் சென்ற அலை திரும்பி வந்தே தீரும். ஒலிபெருக்கி சுவரிலிருந்து ஒரு மீட்டர் விலகி நின்றால், அவ்வலை இரண்டு மீட்டர் கூடுதலாக நடந்து, ஏறத்தாழ 6 மில்லிசெகண்டு தாமதித்து வந்து, இசைக்கு ஒரு விசாலத்தைக் கொடுக்கிறது. சுவரோடு ஒட்டி வைத்தாலோ, நேரொலியோடு மோதிக் குரலின் நிறத்தையே கெடுக்கிறது. ஆள் உயரப் பலகைகள் இரண்டை அறையின் நடுவே ஒரு மீட்டர் முன்னே இழுத்து வைக்க இசையும் குடும்பங்கள் எத்தனை என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

அகன்ற பரப்பினால் விளையும் மற்றொரு தோஷம், உயர்ந்த ஸ்வரங்கள் ஒரே திசையில் குவிவது. 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 சென்டிமீட்டரே, அதைவிடப் பன்மடங்கு அகலமுள்ள பரப்பிலிருந்து புறப்படும் ஒலி விரிந்து பரவாமல் கற்றையாக நேரே செல்கிறது. ஜோடியின் நடுவே சரியான நாற்காலியில் அமர்ந்தவருக்குப் பாடகர் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். அருகில் அமர்ந்தவருக்கு அவ்வுருவம் ஒரு பக்கமாக ஒதுங்கி மங்கிவிடும். இதைத் தீர்க்க வாக்கர் 1963-இல் தொடங்கிய முயற்சி, 1981-இல் குவாட் இ.எஸ்.எல். 63 என்னும் பெயரில் முடிந்தது. தகடுகளை ஒன்றையொன்று சூழ்ந்த வளையங்களாகப் பிரித்து, நடு வளையத்துக்கு மின்குறியை உடனே அனுப்பி, வெளி வளையங்களுக்குக் கம்பிச்சுருள்களின் வழியே படிப்படியாகத் தாமதித்து அனுப்பினால், தட்டையான அப்படலத்திலிருந்து ஒலி, குளத்தில் கல் விழுந்த இடத்தைச் சுற்றி விரியும் வட்டங்களாகவே விரிகிறது. படலத்துக்கு 30 சென்டிமீட்டர் பின்னே உள்ள ஒரு புள்ளியில் அது பிறந்ததாகச் செவிக்குத் தோன்றுகிறது. பதினெட்டு ஆண்டு உழைப்பு ஒரு தோஷத்தின் நிவர்த்திக்காகச் செலவிடப்பட்டது என்பதை எண்ணும்போது அம்மனிதரிடம் மரியாதை மிகுகிறது. அமெரிக்காவின் கான்ஸாஸ் மாகாணத்தில் தோன்றிய மார்ட்டின்லோகன் நிறுவனம், பலகையையே வில்போல் வளைத்து ஒலியைப் பரப்பும் வேறொரு வழியைக் கைக்கொண்டது.

ஆம்ப்ளிஃபயரின் கஷ்டம் தனியானது. தகடுகளும் படலமும் சேர்ந்து உண்மையில் ஒரு மின்தேக்கியே. அதிர்வெண் உயர உயர மின்தேக்கியின் மின்மறுப்பு குறைந்துகொண்டே போகும். நூறு மடங்கு உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மரின் மறுபுறத்திலிருந்து நோக்கினால், அந்த மறுப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகத் தெரிகிறது. பெயரளவில் 16 ஓம் எனப்பட்ட முதல் குவாட் ஒலிபெருக்கி, உச்ச அதிர்வெண்களில் 2 ஓமுக்கு அருகில் இறங்கிவிடும். இவ்வளவு தாழ்ந்த, அதிலும் மின்தேக்கிக்குரிய சுமையைக் கண்டு நிலைகுலைந்து, தானே ஊளையிடத் தொடங்கும் ஆம்ப்ளிஃபயர்களும் உண்டு. சக்தி மிகுந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கிவிட்டால் போதும் என்பதும் சரியன்று: வாக்கரின் வால்வு ஆம்ப்ளிஃபயர் 15 வாட் திறனே உடையது, அதற்கென அமைந்த பலகைகளில் பிற்காலத்துப் பெரிய டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களை இணைத்தால் நடுப்பலகையில் பொறி பாய்ந்து படலம் துளைபடும். இ.எஸ்.எல். 63-இல், பொறி தோன்றுவதை உடனே உணர்ந்து மின்குறியைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று சேர்க்கப்பட்டது இதன் பொருட்டே.

தட்பவெப்பத்தையும் கருத வேண்டும். ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிய படலம் காற்றிலுள்ள தூசியை ஓயாமல் இழுக்கும். ஈரமில்லாத தூசியால் உடனடித் தீங்கு இல்லை. ஈரம் சேர்ந்தால் அதன் வழியே மின்னேற்றம் கசியும். கசியும் பலகையை இரவில் விளக்கணைத்துவிட்டு உற்று நோக்கினால், சல்லடைக்குப் பின்னே ஓரிடத்தில் நீலப் பொட்டு ஒன்று கண்சிமிட்டுவதைக் காணலாம். அதனோடு சேர்ந்து, சங்கீதம் நின்ற இடைவெளிகளில், டிக் டிக் என்னும் ஒலியும் சீறலும் கேட்கும். ஒலியின் அளவும் நாளடைவில் ஒரு பக்கமாகக் குறையும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் காற்று இவ்வகையில் கடுமையான பரீட்சை. சல்லடைக்கும் பலகைக்கும் இடையே தூசி புகாதபடி மற்றொரு மெல்லிய படலத்தைப் போர்த்தி மூடிய மாதிரிகளே நம் கடற்கரைக்கு ஏற்றவை. நல்ல பலகைக்கு அடையாளம் ஒன்று சொல்லலாம்: பாடிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியின் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டால், அது உடனே ஓயாது; படலத்தில் தேங்கிய மின்னேற்றம் மெல்ல மெல்லவே வடிவதால், சில நிமிஷங்கள் வரை சிறுகச் சிறுகத் தணிந்துகொண்டே பாடும். பிடுங்கிய சில விநாடிகளிலேயே பாட்டு அடங்கினால் மின்னேற்றம் எங்கோ கசிகிறது என்று கொள்ளலாம். பழைய ஜோடியை வாங்கப் போகிறவர் இப்பரீட்சையை விற்பவர் எதிரிலேயே செய்து பார்ப்பது நல்லது. சல்லடையைத் தாமே கழற்றிப் பார்ப்பதோ ஒருபோதும் தகாது. உள்ளிருக்கும் மின்னழுத்தம் மரியாதைக்குரியது.

தாழ்ந்த ஸ்வரங்களுக்குக் கூம்பும் மற்றவற்றுக்குப் படலமுமாக இரண்டையும் இணைத்த கலப்பு ஒலிபெருக்கிகள் இன்று மிகுதி. இருநூறு முதல் ஐந்நூறு ஹெர்ட்ஸ் வரையில் ஏதேனும் ஓரிடத்தில் வேலை பிரிக்கப்படுகிறது. பலகை சிறுக்கிறது, ஒலி பெருகுகிறது, ஆம்ப்ளிஃபயரின் பாரமும் ஓரளவு குறைகிறது. ஆயினும் பெட்டிக்குள் இருக்கும் கூம்பு எல்லாத் திசையிலும் ஒலிக்க, படலம் முன்னும் பின்னும் மட்டுமே ஒலிக்கிறது. உயர்ந்த பலகையின் ஒலி தூரம் இரட்டிக்கும்போது 3 டெசிபல் மட்டுமே குறைய, கூம்பின் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஆகையால் மூன்று மீட்டர் தொலைவில் பொருந்தியிருக்கும் இரண்டும் ஐந்து மீட்டரில் பொருந்துவதில்லை. ஆண் குரலின் அடிநாதம் விழும் இடமும் அந்தப் பிரிவினைக்கு அருகிலேயே இருப்பதால், தையல் விட்ட இடம் கூரிய செவிக்குத் தெரிந்துவிடுகிறது. பல வகை இசையையும் திரைப்படங்களையும் ஒரே அறையில் கேட்க வேண்டியவர்களுக்குக் கலப்பு வகையே ஏற்றது. வாய்ப்பாட்டையும் வீணையையும் வயலினையும் மிதமான ஒலியில் தனித்து அமர்ந்து கேட்பவர், பின்னே ஒரு மீட்டர் இடமும் வறண்ட காற்றும் வாய்க்கப்பெற்றிருந்தால், முழுப் படலத்தையே தேர்ந்துகொள்வது மேல். தாழ்ந்த ஸ்வரங்களில் இழப்பதைப்போல் பன்மடங்கு அவருக்குக் குரலில் கிடைக்கும்.